பேய்க்கதைப் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன்

நான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய முதல் பேய்க்கதை, ஆறு வயதுப் பையன் ஒருவனை ஒரு வாரம் தனியாகக் கழிப்பறைக்குப் போகவிடாமல் செய்தது. ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமைக் கதை நேரம். கையில் புதுத் தொகுப்பு, அட்டையில் கண்ணடிக்கும் குட்டிப் பேய். அட்டையை நம்பிவிட்டேன். 'அது இப்போது உன் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறது' என்று முடிந்தது கதை. பெரிய பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். அந்தப் பையன் மட்டும் சத்தமே போடவில்லை. மறுவாரம் அவன் அம்மா வந்து, "கதை சொல்றதெல்லாம் சரி மேடம், ராத்திரி பாத்ரூம் வாசல்ல நீங்க வந்து நிப்பீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதற்காக நான் பேய்க்கதையை விட்டுவிடவில்லை. பிள்ளைகள் விடமாட்டார்கள். மற்ற கதைகளுக்கு எட்டுப் பேர் வந்தால் இதற்கு இருபது பேர் வருகிறார்கள். பயப்படுவது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. நான் மாற்றிக்கொண்டது, கதையைத் தேர்ந்தெடுக்கும் விதத்தையும் வாசிக்கும் விதத்தையும்தான். உள்ளே நுழைய வாசல் இருக்கிற கதைக்கு வெளியே ஓடிவரக் கொல்லைப்புறக் கதவும் இருக்கிறதா என்று இப்போது முதலில் பார்க்கிறேன். வீட்டிலோ வகுப்பிலோ நூலகத்திலோ இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: பிள்ளையை விசாரியுங்கள்

புத்தகம் தேடுவதற்கு முன் பிள்ளையிடம் "உனக்கு எதைப் பார்த்தால் பயம்?" என்று கேளுங்கள். இருட்டு, நாய், கரப்பான்பூச்சி, கணக்கு வாத்தியார் என்று பதில் வந்தால் கவலை இல்லை. "அம்மா வேலையிலிருந்து வராமல் போய்விடுவாளோ" என்று வந்தால், தாய் காணாமல் போகும் கதைகளை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வயதுக் கணக்கு ஒரு தோராயம்தான். ஐந்து, ஆறு வயதுக்குப் பேய் வேடிக்கையானதாக இருக்க வேண்டும்: தும்முகிற பேய், வழி தவறிய பேய். ஏழிலிருந்து ஒன்பது வரை மாயக்கதைகளின் காலம். பூதம், சூனியக்காரி, ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் எல்லாம் வரலாம், ஆனால் அரக்கன் தோற்றே ஆக வேண்டும். பத்து வயதுக்கு மேல்தான் முடிவைத் தொங்கலில் விடும் கதைகள். அந்த வயதில் அதைத்தான் கேட்கவும் செய்வார்கள். அக்கா அண்ணனோடு வளரும் பிள்ளை இந்தக் கணக்கை இரண்டு வருடம் முந்திவிடும்.

வயதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அதைப் பெற்றோரிடம் தனியாகக் கேட்க வேண்டும்: சமீபத்தில் வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா? பாட்டியை இழந்து மூன்று மாதம் ஆன பிள்ளைக்கு 'செத்தவர்கள் திரும்பி வருவார்கள்' என்ற வரி கதையாகக் கேட்காது. அதில் பயம் மட்டும் இல்லை, எதிர்பார்ப்பும் கலந்திருக்கும்.

இரண்டாம் படி: புத்தகம் எங்கே

முதலில் ஏன் சிறுகதைத் தொகுப்பு, ஏன் நாவல் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். நாவலில் ஒரு அத்தியாயம் ஒத்துவராவிட்டால் புத்தகமே போச்சு. தொகுப்பில் பன்னிரண்டு கதையில் நான்கைத் தாண்டிப் போகலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு கதை ஒரே அமர்வில் முடியும் என்பதால், பயத்தோடு பாதியில் நிறுத்தி 'மீதி நாளைக்கு' என்று சொல்லித் தூங்க அனுப்ப வேண்டியதும் இல்லை.

தெருமுனைக் கிளை நூலகத்தின் சிறுவர் அடுக்கில் தொடங்குங்கள். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வாங்குவதானால் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி வரை பொறுக்கலாம், அங்கே நின்றுகொண்டே நாலைந்து கதையைப் புரட்டிப் பார்க்க முடியும். காசில்லாமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன, இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். பழைய பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

மூன்றாம் படி: கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். என் முதல் தவறு நடந்தது இங்கேதான்.

தொகுப்பைக் கையில் எடுத்ததும் பொருளடக்கத்தைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசியுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இலக்கிய ரசனைக்கு இது பாவம்தான், ஆனால் நீங்கள் இப்போது ரசிகர் இல்லை, ருசி பார்க்கிற சமையல்காரர். அந்தக் கடைசிப் பக்கத்தில், பயமுறுத்திய பொருள் என்ன ஆனது என்று தேடுங்கள். தோற்றதா, நட்பானதா, பொய் என்று தெரிந்ததா, விட்டுப் போய்விட்டதா? இந்த நான்கில் ஒன்று இருந்தால் கொல்லைப்புறக் கதவு இருக்கிறது. 'இன்னும் இருக்கிறது, உன்னிடம் வரும்' என்று முடிந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய கதவை விரும்புகிறவர்களும் உண்டு, அவர்கள் பத்து வயதுக்கு மேல்.

அடுத்து, அந்தத் தப்பித்தல் யாரால் நடந்தது என்று பாருங்கள். ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பில், 'ஹேன்சலும் கிரெட்டலும்' கதையில் ஒரு சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். பெரியவர்களுக்குக் குலை நடுங்கும் காட்சி. ஆனால் அதைக் கேட்ட பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் தள்ளுவது அந்தச் சின்னப் பெண் கிரெட்டல். அப்பா வந்து காப்பாற்றும் கதையில் இந்தத் தெம்பு கிடைப்பதில்லை.

அதே கதையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 1812இல் வந்த முதல் பதிப்பில், பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று சொல்கிறவள் பெற்ற தாய். பிந்தைய பதிப்புகளில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். சூனியக்காரி இருந்த இடத்திலேயே இருந்தாள், அவளை யாரும் மாற்றவில்லை. பேயைவிடத் தாங்க முடியாதது எது என்று எனக்கு இந்தத் திருத்தம் சொல்லிக்கொடுத்தது. பெற்றவர்களே கைவிடும் கதைகளை நான் தனியாகக் குறித்து வைக்கிறேன், அதில் பேயே இல்லாவிட்டாலும்.

கதை ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுச்சீட்டில் ஒரு சொல் எழுதுங்கள்: சிரிப்பு, மாயம், நடுக்கம், வேண்டாம். நூலகப் புத்தகம் என்றால் பென்சிலால்கூடப் பக்கத்தில் எழுதாதீர்கள். 'வேண்டாம்' என்று எழுதியிருப்பதை ஒரு பிள்ளை பார்த்துவிட்டால் அடுத்த நிமிடம் அந்தக் கதைதான் வாசிக்கப்படும்.

படங்களையும் விடாதீர்கள். அமெரிக்காவில் ஆல்வின் ஷ்வார்ட்ஸ் நாட்டுப்புறப் பயக்கதைகளைச் சேர்த்து 1981இல் சிறுவர்களுக்கான தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அதில் தொடங்கிய நூல் வரிசை, 1990களில் அந்நாட்டு நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி மிக அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்களின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கதைகள் சின்னச் சின்னவை, சில வெறும் வேடிக்கை. ஆனால் ஸ்டீபன் கேமல் வரைந்த கரைந்தொழுகும் முகங்களைப் பார்த்தவர்கள் மறக்கவே இல்லை. 2011இல் ஓவியங்களை மாற்றி மென்மையான பதிப்பு வந்தபோது, அந்தப் படங்களுக்குப் பயந்து வளர்ந்தவர்களே பழையதைத் திருப்பிக் கேட்டார்கள் என்பது தனி வேடிக்கை. சொல் காதில் விழுந்து போய்விடும், படம் இமைக்குள் தங்கும். மிரட்டும் படம் இருந்தால் புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசித்தால் போதும்.

வேதாளத்திடம் கற்றது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எந்தக் கதைகள் என்று கேட்டால் வேதாளம் என்பேன். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரம் என்ற வடமொழிக் கதைத் தொகுப்புக்குள் இந்த இருபத்தைந்து கதைகளும் இருக்கின்றன. தமிழில் விக்கிரமாதித்தன் கதையாக, கொட்டை எழுத்தில் அச்சான மலிவான 'பெரிய எழுத்து'ப் பதிப்புகளில் வந்து, 1947இல் தொடங்கிய அம்புலிமாமா சிறுவர் இதழ் வழியாக வீடு வீடாகப் போனது.

நள்ளிரவு, சுடுகாடு, மரத்தில் தொங்கும் பிணம், அதற்குள் பேசும் வேதாளம். இதைவிடப் பயங்கரமான தொடக்கம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் முடிகிறது. நான்கு சகோதரர்கள், ஒருவன் எலும்பைச் சேர்த்தான், ஒருவன் சதையைப் போர்த்தினான், ஒருவன் தோலும் மயிரும் வரவழைத்தான், நான்காமவன் உயிர் கொடுத்தான். எழுந்த சிங்கம் நால்வரையும் தின்றது. குற்றம் யாருடையது? இதைக் கேட்டதும் பிள்ளைகள் சுடுகாட்டை மறந்துவிட்டுச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். "எலும்பு சேர்த்தவன்தான் மிஸ், அவன்தானே ஆரம்பிச்சான்!" பயம் வாதமாக மாறுகிற இடம் அது. விக்கிரமன் பதில் சொன்னதும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும், அடுத்த வாரத்துக்கும் கதை தயார். இப்படி ஒரு கொல்லைப்புறக் கதவு வேறு எந்தத் தொகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

ஓர் எச்சரிக்கை: மூலக்கதைகள் பிள்ளைகளுக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. கள்ளக்காதல், தலைவெட்டு, பெண்களின் குணத்தைப் பற்றிய மோசமான தீர்ப்புகள் எல்லாம் அதில் உண்டு. பெரிய எழுத்துப் பதிப்பை அப்படியே கொடுக்காதீர்கள். நீங்கள் படித்து, ஐந்தாறைப் பொறுக்கி, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

நம்ம ஊர்ப் பேய்களுக்குத் தனி விதி

உள்ளூர்க் கதைகள் இருக்கிற தொகுப்பு என்றால் இன்னும் ஒரு முறை வாசியுங்கள். ஒரு பிள்ளைக்குப் பேயாக இருப்பது பக்கத்துப் பிள்ளைக்குக் குலதெய்வம். முனி, இசக்கி, மாடன் இவர்களை மிரட்டும் உருவங்களாக வாசித்துக்கொண்டே போனபோது, முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "அது எங்க சாமி" என்றாள். அன்றைக்குக் கதை அதோடு முடிந்தது. பிறகு அவளே தன் ஊர்க் கோயில் கொடை விழாவைப் பற்றிச் சொன்னாள், கதையைவிட அது நன்றாக இருந்தது.

கொலையுண்டவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள் தெய்வமானதாகவோ பேயானதாகவோ சொல்லப்படும் கதைகளின் அடியில் பெரும்பாலும் ஒரு நிஜமான கொடுமை கிடக்கும். சாதியோ வரதட்சணையோ சொத்தோ. பதின்ம வயதினரோடு அதைப் பேசலாம். எட்டு வயதுக்காரர்களிடம் வெறும் பயத்துக்காக அதை எடுக்காதீர்கள். உங்கள் ஊர்க் குளத்தில் யாராவது மூழ்கி இறந்திருந்தால், குளத்துப் பேய் கதையை வேறு ஊருக்கு மாற்றிவிடுங்கள்.

வெள்ளைச் சேலை, அவிழ்ந்த கூந்தல், கொலுசுச் சத்தம். ஒரு தொகுப்பில் ஒன்பது பேயில் எட்டு இப்படியே இருந்தது. "பேயெல்லாம் ஏன் அக்காவாவே இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

சிரிப்புப் பேய் வேண்டுமென்றால் நம் இலக்கியத்திலேயே வண்டி வண்டியாக இருக்கிறது. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் பசியால் வாடிப்போய்க் காளியிடம் முறையிடுகின்றன, போர் முடிந்ததும் கூட்டமாகச் சேர்ந்து கூழ் காய்ச்சுகின்றன. கூழில் என்ன போடுகிறார்கள் என்பதை மட்டும் நீங்கள் மழுப்பிவிட வேண்டும். பனங்காட்டுக்கே கை கால் முளைத்தது போன்ற பேய்கள் வரிசையில் பசியோடு நிற்பதை நடித்துக் காட்டினால் ஐந்து வயதுக்காரர்கள்கூட உருண்டு சிரிக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் வேறு வகை. நாற்சந்தியில் நின்று தப்பு செய்தவர்களைக் கயிற்றால் கட்டிப் பிடித்துத் தின்றுவிடும். 'நான் தப்பு செய்யவில்லை, என்னை ஒன்றும் செய்யாது' என்ற தைரியம் அதில் கிடைக்கிறது. ஆனால் வீட்டுப்பாடம் செய்யாததற்கு அந்தப் பூதத்தைக் கூப்பிட்டு மிரட்டினீர்களானால் கதையும் கெட்டது, பிள்ளையும் கெட்டது.

நான்காம் படி: வரிசையை மாற்றுங்கள்

தொகுப்பாளர் அச்சிட்ட வரிசை பெரும்பாலும் புத்தகம் விற்பதற்கானது, முதல் கதையே அடித்துத் தூக்கும். அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஒரு அமர்வுக்கு மூன்று கதை போதும்: சிரிப்பு, நடுக்கம், மாயம். நடுக்கத்தை நடுவில் வையுங்கள். கடைசியாகக் கேட்டதுதான் வீட்டுக்குக் கூடப் போகும், அதனால் கடைசிக் கதை பறக்கும் கம்பளமாகவோ பேசும் மரமாகவோ இருக்கட்டும். வீட்டில் படுக்கை நேரம் என்றால் நடுக்கமே வேண்டாம், அதைப் பகலுக்குத் தள்ளுங்கள். மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சூடாக வேர்க்கடலை. அதுதான் என் அனுபவத்தில் மிகச் சிறந்த நேரம்.

ஐந்தாம் படி: வாசிக்கும் நாள்

முந்தின நாள் ஒரு முறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நான்கு பக்கக் கதை நிறுத்தி நிறுத்தி வாசித்தால் எனக்கு 12 நிமிடம் ஆகிறது. அதற்கு மேல் போனால் சின்னவர்கள் நெளிவார்கள்.

தொடங்கும் முன் ஓர் ஒப்பந்தம் போடுங்கள்: யார் கை தூக்கினாலும் கதை நிற்கும், ஏன் என்று கேட்கமாட்டேன், யாரும் கேலி செய்யக்கூடாது. இந்த உரிமை கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் யாரும் கை தூக்குவதில்லை. வெளியே போக விரும்பும் பிள்ளைக்குக் கௌரவமான சாக்கு ஒன்று வைத்திருங்கள். "போய்த் தண்ணி பாட்டில் எடுத்துட்டு வா" என்பது என்னுடையது.

குரலை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். பயம் மெல்லிய குரலில்தான் வரும். பேயின் வசனத்துக்கு முன் மூன்று எண்ணும் அளவுக்கு நிறுத்துங்கள், அதற்கு மேல் நீங்கள் எதுவும் நடிக்க வேண்டாம். திடீரென்று கத்துவது, பின்னாலிருந்து ஒருவரை வைத்துத் தோளைத் தொடச் சொல்வது இவையெல்லாம் கதை வேலை இல்லை.

விளக்கைப் பற்றி ஒரு யோசனை. ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) நூறு விளக்கை ஏற்றிவைத்துப் பேய்க்கதை சொல்லும் கூட்டங்கள் நடந்தன. ஒரு கதை முடிந்ததும் ஒரு விளக்கை அணைப்பார்கள். நூறாவதும் அணைந்தால் எதுவோ வந்துவிடும் என்று தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டாம். நாங்கள் அதைத் தலைகீழாக்கினோம். அரை இருட்டில் தொடங்கி, ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்துபோய் ஒரு சுவிட்சைப் போடும். கடைசிக் கதை முடியும்போது அறை முழுக்க வெளிச்சம். சுவிட்ச் போடப் போட்டி வந்து அடிதடி ஆனது, அதனால் இப்போது சீட்டுக் குலுக்குகிறோம்.

ஆறாம் படி: முடிந்த பிறகு, ராத்திரியும்

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நீ அந்த வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். பூட்டிய கதவுள்ள கதைக்குக்கூட அவர்களே ஒரு கதவை வெட்டிவிடுவார்கள்.

"பேய் நிஜமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "நான் பார்த்ததில்லை, இது ஒருத்தர் உட்கார்ந்து எழுதின கதை" என்பது என் பதில். கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றிக் கேட்டால், சதுப்பு நிலத்தில் செடிகொடி அழுகி மீத்தேன் கலந்த வாயு வெளிவரும், அது எரிவதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்ற விளக்கம் கைவசம் இருக்கட்டும். ஆனால் கதைக்கு முன்னால் அதை அவிழ்க்காதீர்கள். கேட்டால் மட்டும், கேட்ட பிறகு.

நடுராத்திரி எழுந்து வந்தால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, போய்ப் படு" என்பது வேலை செய்யாது. இல்லாத ஒன்றுக்காக அவ்வளவு தூரம் இருட்டில் நடந்து வருவார்களா? எந்தக் கதை, எந்த இடம் என்று கேளுங்கள். விளக்கைப் போட்டு, அந்தப் பேயைக் காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். மீசை வைக்கலாமா, பாவாடை கட்டிவிடலாமா என்று கேட்டால் பாதிப் பயம் போய்விடும். புத்தகத்தை வேறு அறையில் வையுங்கள், இது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் பலிக்கிறது. பல நாள் தூக்கம் கெட்டால் அந்த வகைக் கதைகளைச் சில மாதம் நிறுத்துங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் காரணம் கதையாக இருக்காது, மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஏழாம் படி: அவர்களே தொகுக்கட்டும்

ஐந்தாறு அமர்வுக்குப் பிறகு வீட்டுப் பெரியவர்களிடம் ஆளுக்கொரு கதை கேட்டு வரச் சொல்லுங்கள். சொன்னவர் பெயரும் ஊரும் கதையின் அடியில் எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. ஏ4 தாள் இரண்டை மடித்தால் எட்டுப் பக்கம், நடுவில் ஸ்டேப்ளர், அட்டைக்குப் பழைய காலண்டர். கதைகளைச் சிரிப்பு, நடுக்கம், மாயம் என்று அவர்களே பிரிப்பார்கள். ஒரு கதை எந்த வகை என்று அரை மணி நேரம் வாதாடுவார்கள், குறுக்கே போகாதீர்கள்.

எங்கள் பிள்ளைகள் செய்த முதல் தொகுப்பில் ஒன்பது கதை. கழிப்பறைக்குப் போகப் பயந்த அந்தப் பையனும் ஒன்று எழுதினான், அவன் பேய் ரேஷன் கடை வரிசையில் நின்றது. மூன்று பிரதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம், நூலகர் எண் போட்டு அடுக்கில் வைத்தார். இரண்டு இன்னும் இரவல் போய் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்று திரும்பி வரவே இல்லை. பேய் எடுத்துப் போய்விட்டது என்கிறது ஒரு கட்சி. எனக்கு ஓர் ஏழாம் வகுப்புக்காரன் மேல்தான் சந்தேகம்.